‘கன்னத்தில் முத்தமிட்டால்’ திரைப்படத்தில் முதிர்வுக்கதை வடிவமும் ஈழப் போராட்டமும்

ஆய்வுச் சுருக்கம்

மணிரத்னம் இயக்கி 2002-இல் வெளிவந்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’, ஒன்பது வயதுச் சிறுமி தன் பிறப்பை அறிந்துகொள்ளும் கதையை ஈழப் போராட்டப் பின்னணியில் சொல்கிறது. இப்படம் அரசியலைத் தவிர்க்கிறது என்ற குற்றச்சாட்டையும், போரின் மனித முகத்தைக் காட்டுகிறது என்ற பாராட்டையும் தாண்டி, அது கையாளும் முதிர்வுக்கதை வடிவத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. படத்தில் உண்மையில் இரண்டு முதிர்வுக்கதைகள் உள்ளன என்பதும், அவற்றில் ஒன்று மட்டுமே காட்டப்படுகிறது என்பதும், காட்டப்படாத கதையே போராட்டத்தின் கதை என்பதும் இதன் வாதம்.

குறிச்சொற்கள்: முதிர்வுக்கதை, ஈழப் போராட்டம், தாய்மை, மூதின்முல்லை, அகதி முகாம், தமிழ்த் திரைப்படம்

சொல்லும் சடங்கும்

இளம் வயதினர் ஒருவர் உலகை அறிந்து தன்னை அறியும் கதைவகைக்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் இல்லை. வளர்ச்சிப் புதினம், முதிர்வுக்கதை, பருவக்கதை எனப் பல சொற்கள் ஆய்வுலகில் வழங்குகின்றன. ‘வயதுக்கு வருதல்’ என்ற பழகிய தொடர் இருக்கிறது. ஆனால் அது பெண்ணின் உடலை மட்டுமே குறித்து நின்றுவிட்டது. கொங்கு வட்டாரத்தில் தெரட்டி என வழங்கும் சீரில் பெண் எதையும் அறிந்துகொண்டாளா என்று யாரும் கேட்பதில்லை. அவள் உடல் மாறியதை ஊர் அறிந்துகொள்கிறது, அவ்வளவே. அச்சடங்கில் முதலிடம் தாய்மாமனுக்கு. பச்சை ஓலைக் குடிசை கட்டுவதும் சீர் கொண்டுவருவதும் அவர் உரிமை. தாய்வழி உறவு பெண்ணை ஏற்று நிற்பதன் அடையாளம் அது.

இதை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. படத்தின் நாயகி அமுதாவுக்கு வயது ஒன்பது. உடலின் முதிர்ச்சிக்கு முன்பே அறிவின் முதிர்ச்சி அவள்மேல் சுமத்தப்படுகிறது. அவளைப் பெற்றவளிடம் அழைத்துச் செல்லும் வழியைத் திறப்பவரோ, காட்டில் ஆயுதக் குழுவை நடத்தும் அவளுடைய தாய்மாமன். முறைப்படி சீர் தட்டுடன் வரவேண்டியவர் துப்பாக்கியுடன் வருகிறார். இயக்குநர் இதைத் திட்டமிட்டாரா என்பது வேறு கேள்வி. தமிழ்ப் பார்வையாளர் இந்த உறவுமுறையின் பொருளை உணராமல் அக்காட்சியைக் கடக்க இயலாது.

விடுதலைப் போராட்டங்களைப் பின்னணியாகக் கொண்ட முதிர்வுக்கதைகளில் வழக்கமான பாதை ஒன்று உண்டு. தனிமனிதரின் வளர்ச்சியும் தேசத்தின் வளர்ச்சியும் இணைகோடுகளாகச் செல்லும். இளைஞர் அஞ்சுவார், தயங்குவார், பின் போராட்டத்தில் தம்மைக் கண்டடைவார். பேதப்ரத பெயின் இயக்கிய ‘சிட்டகாங்’ (2012) இதற்குத் தெளிவான சான்று. 1930 ஏப்ரலில் சூர்யா சென் தலைமையில் நடந்த ஆயுதக் கிடங்குத் தாக்குதலைப் பதின்மூன்று, பதினான்கு வயதுடைய ஜுங்கு என்ற சுபோத் ராயின் கண்வழி அப்படம் காண்கிறது. நம் நிலத்தின் நினைவிலோ இப்பாதை பெரும்பாலும் பாதியிலேயே முடிகிறது. சென்னிமலையில் பிறந்த குமரன் 1932 ஜனவரி 10 அன்று திருப்பூர் ஊர்வலத்தில் தாக்கப்பட்டு மறுநாள் இறந்தபோது அவருக்கு வயது 27. தியாகியின் கதையில் இளைஞர் முதிர்வதில்லை, உறைந்துவிடுகிறார். முதிர்வுக்கதைக்கும் தியாகக்கதைக்கும் இடையிலான இந்த முரண் ஈழம் பற்றிய படங்களில் இன்னும் கூர்மையடைகிறது.

முன்கதையின் வேலை

படம் அமுதாவிடம் தொடங்குவதில்லை. வன்னியில் ஏ-9 சாலையில் அமைந்த மாங்குளத்தில் ஷியாமாவின் திருமணத்துடன் தொடங்குகிறது. ராணுவம் வர, கணவன் திலீபனும் அவளும் காட்டுக்குள் ஓடுகிறார்கள். காயமுற்ற கணவனை விட்டுப் பிரிய நேர்கிறது. கருவுற்ற நிலையில் படகேறி ராமேஸ்வரம் வந்து, முகாமில் பெண் குழந்தையைப் பெற்று, கணவன் உயிருடன் இருப்பதாகக் கேள்விப்பட்டதும் குழந்தையை விட்டுவிட்டுத் திரும்பிப் போகிறாள். இதன் பிறகுதான் சென்னையின் நடுத்தரக் குடும்பமும், தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளும் அமுதாவும் வருகிறார்கள்.

இந்த வரிசைமுறையைப் பலர் வெறும் பரபரப்பு உத்தியாகக் கடந்துவிடுகின்றனர். ஆனால் இதனால் விளைவது முக்கியமானது. அமுதாவுக்குத் தெரியாததைப் பார்வையாளர் முதலிலேயே அறிந்துவிடுகிறார். ஆகவே ‘இவள் யார்’ என்ற கேள்வி நமக்கு இல்லை. ‘இவள் எப்போது, எப்படி அறிவாள்’ என்பதே எஞ்சுகிறது. முதிர்வுக்கதையில் பார்வையாளரும் நாயகரும் சேர்ந்தே அறிவதுதான் பொதுவழக்கு. இங்கே பார்வையாளர் பெற்றோரின் இடத்தில் அமர்த்தப்படுகிறார். உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்லலாமா வேண்டாமா என்று தவிக்கும் திருச்செல்வன், இந்திரா ஆகியோரின் பதற்றம் நம்முடையதாகிறது.

ஆனால் பார்வையாளர் அறிந்ததாக நினைப்பதில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஷியாமா முகாமை விட்டுப் போனது நாட்டுக்காக அன்று, கணவனுக்காக. அதுவரை நாம் கண்டவள் ஒரு கிராமத்து மணப்பெண். அடுத்து நாம் அவளை நேர்கொள்ளும்போது அவள் போராளி. இடையில் ஒன்பது ஆண்டுகள். கணவனைத் தேடிப் போனவள் எப்போது ஆயுதம் ஏந்தினாள், எதைக் கண்டாள், எதை இழந்தாள், குழந்தையை நினைத்தாளா, நினைக்காமலிருக்கப் பழகிக்கொண்டாளா ஆகிய எதையும் படம் சொல்வதில்லை. ஓர் இளம்பெண் வரலாற்றின் நடுவே தள்ளப்பட்டு வேறொருத்தியாக மாறும் கதைதான் முதிர்வுக்கதையின் இலக்கணத்துக்கு முழுமையாகப் பொருந்துவது. அந்தக் கதை ஷியாமாவுடையது. அமுதாவின் ஒன்பது வயதுக்குள் அது மறைந்துகிடக்கிறது. மகளின் வளர்ச்சியைக் காட்டுவதற்குத் தாயின் வளர்ச்சியை வெட்டியெடுத்த படம் இது என்றால் மிகையாகாது.

இந்த இடைவெளியை நிரப்பக்கூடிய எழுத்துகள் தமிழில் உண்டு. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ நாவல் படத்துக்கு முந்தைய ஆண்டான 2001-இல் வெளிவந்தது. இயக்கத்தில் சேர்ந்த இளைஞன் ஒருவனின் உருவாக்கத்தையும் சிதைவையும் அது எள்ளலோடு எழுதிக்காட்டுகிறது. தமிழினியின் மறைவுக்குப் பின் 2016-இல் வந்த ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ தன்வரலாறு, மாணவியாக இருந்த பெண் இயக்கத்தின் பொறுப்பாளராக மாறிய பாதையை உள்ளிருந்து பேசுகிறது. இவற்றைப் படித்துவிட்டு மணிரத்னத்தின் படத்தை மீண்டும் பார்க்கும் வாசகருக்கு ஷியாமாவின் மௌனம் வேறு எடையில் ஒலிக்கும். அந்த மௌனத்தின் காரணம், அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்பதன்று. கேட்பவளுக்கு ஒன்பது வயது என்பதே.

பெறுதலும் வளர்த்தலும்

போர்க்களத்துக்கு மகனை அனுப்பும் தாயைச் சங்க இலக்கியம் அறியும். புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 279-ஆம் பாடல், குடும்பத்து ஆண்களை அடுத்தடுத்த நாள்களில் போரில் இழந்த பெண், எஞ்சிய ஒரே சிறுவனையும் தலைவாரி வேல் கொடுத்து அனுப்புவதைக் காட்டுகிறது. பொன்முடியாரின் 312-ஆம் பாடல் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் என ஒவ்வொருவருக்கும் உரிய கடமையை வகுக்கிறது. இரண்டும் மூதின்முல்லைத் துறையைச் சார்ந்தவை. பெறுதலையும் வளர்த்தலையும் ஒரே தாயின் ஒரே கடமையாகப் பொன்முடியார் வைப்பது நோக்கத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டின் தமிழ்த் தேசியச் சொல்லாடல்கள் இம்மறக்குடித் தாயைத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டன. மணிரத்னத்தின் படம் அவ்வுருவை இரண்டாகப் பிளக்கிறது. பெற்றவள் ஒருத்தி, வளர்த்தவள் வேறொருத்தி. களத்துக்குப் போனவளும் மகனல்லள், தாயே. வீட்டில் எஞ்சியது குழந்தை. புறப்பாடல்கள் சிலவற்றில் தாயே பேசுவாள். அனுப்பப்பட்ட சிறுவன் வாய் திறப்பதில்லை. இங்கே பேச்சு முழுவதும் குழந்தையிடம் உள்ளது. தான் எழுதிவைத்த கேள்விப் பட்டியலுடன் அவள் வந்து நிற்கிறாள். ‘ஏன் என்னை விட்டுப் போனாய்’ என்பது மூதின்முல்லையில் கேட்கப்படவே முடியாத கேள்வி. தாய்நாடு என்ற உருவகம் எவ்வளவு வலிமையானதோ, அந்தக் கேள்வியின் முன் அவ்வளவு வலுவற்றதாகிறது. நாட்டைத் தாய் என்று அழைக்கும் மொழியில், நாட்டுக்காகத் தன் தாய்மையை விட்டவளை அழைக்கச் சொல் இல்லை.

படத்தின் தலைப்பும் இவ்விடத்தில் கருதத்தக்கது. அது பாரதியின் ‘கண்ணன் பாட்டு’ தொகுப்பில் குழந்தையைப் பாடும் கண்ணம்மா பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. தேசத்தைத் தாயாக வைத்துப் பாடிய அதே கவிஞர், அப்பாடலில் பராசக்தியையே குழந்தையாகக் காண்கிறார். தாயாகிய தெய்வம் மடியில் தவழும் மகளாகிவிடுகிறது. நாட்டுப்பாடல்களில் ஒன்றை விட்டு இப்பாடலைத் தேர்ந்ததில் படத்தின் சார்பு வெளிப்படுகிறது: தாய்நாட்டின் பக்கம் அன்று, குழந்தையின் பக்கம். இத்தேர்வை அரசியலின்மை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் இதுவும் ஓர் அரசியலே. அதன் வரம்புகளோடு சேர்த்து அதை மதிப்பிட வேண்டும்.

வளர்ப்புத்தாயின் வெற்றி

அந்த வரம்புகள் படத்தின் இறுதிப் பகுதியில் தெளிவாகின்றன. பூங்காவில் நடக்கும் மோதலில் இந்திராவின் கையில் குண்டு பாய்கிறது. திரும்பிவிடலாம் என்கிறார் கணவர். அமுதா தாயைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அவளே வற்புறுத்துகிறாள். பெறாதவள் குருதி சிந்துகிறாள். இக்குருதிக்குப் பின் யார் தாய் என்ற வினா கதைக்குள் தீர்ந்துவிடுகிறது. ஷியாமா வந்து, மகளின் கேள்விகளுக்கு விடைசொல்ல இயலாமல் அழுது, உடன் வர மறுத்து, இங்கே அமைதி வரும் நாளில் சந்திக்கலாம் என்று சொல்லிப் போகிறாள். முத்தம் இந்திராவுக்குக் கிடைக்கிறது.

உணர்ச்சியின் தளத்தில் இக்காட்சி குறையற்றது. சிம்ரனின் நடிப்பும் நந்திதா தாஸின் நடிப்பும் ஒன்றையொன்று விஞ்சாமல் நிற்கின்றன. சுஜாதாவின் உரையாடல் பெரியவர்களின் வாயில் சில இடங்களில் தேவைக்கு மேல் சாதுரியமாகிவிடுவது உண்டு, இங்கே அது அடங்கியிருக்கிறது. ஆனால் உருவகத்தின் தளத்தில் பார்த்தால் முடிவு வசதியானது. ஈழத்தில் பிறந்த குழந்தைக்கு இந்தியக் குடும்பமே உண்மையான வீடு. போராடும் தாய் மதிக்கத்தக்கவள், ஆனால் தாயாக இருக்கத் தகுதியிழந்தவள். இந்திரா தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளர் என்பதும் தற்செயலன்று. இலங்கைச் செய்தியைச் சென்னையின் வரவேற்பறைக்குக் கொண்டுவரும் தொழில் அவளுடையது. அச்செய்தியே மகளாக அவள் வீட்டில் வளர்கிறது. திருச்செல்வனும் கைவிடப்பட்ட குழந்தையை முதலில் ஒரு சிறுகதையாக்கினார், பிறகே மகளாக்கினார். போரைச் செய்தியாகவும் கதையாகவும் நுகர்ந்த தமிழகத்து நடுத்தர வர்க்கத்தின் குற்றவுணர்வைப் படம் இவ்விருவர் வழியே தொட்டுவிடுகிறது. தொட்டபின் தத்தெடுப்பின் அன்பால் அதை ஆற்றியும் விடுகிறது.

மல்லியும் இளையாளும்

சந்தோஷ் சிவனின் ‘த டெரரிஸ்ட்’ (1998) இதற்கு நேரெதிர்த் திசையில் செல்கிறது. தற்கொலைத் தாக்குதலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 19 வயது மல்லி, தான் கருவுற்றிருப்பதை உணர்கிறாள். இங்கே நாயகி போராளியே. மறைக்கப்பட்ட ஷியாமாவின் கதை ஓரளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆயின் நாட்டின் பெயரும் இயக்கத்தின் பெயரும் நீக்கப்பட்ட அப்படத்தில் மல்லிக்கு உடல் உண்டு, வரலாறு இல்லை. மழை, ஈரம், கண், மூச்சு ஆகியவற்றை நெருக்கத்தில் காட்டும் ஒளிப்பதிவு அவள் மனமாற்றத்தைக் கருப்பையிடம் ஒப்படைத்துவிடுகிறது. அமுதா அறிவால் முதிர்கிறாள், அவளிடம் வரலாறு மறைக்கப்படுகிறது. மல்லி வரலாற்றின் நடுவே நிற்கிறாள், அவளுக்குச் சிந்தனை மறுக்கப்படுகிறது. இரு படங்களிலும் தாய்மை வந்து போராட்டத்தின் மீதான கேள்வியை நிறுத்திவிடுவது ஒற்றுமை.

ஜாக் ஓடியார் இயக்கி 2015-இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற ‘தீபன்’ படத்தில் இளையாள் என்றொரு சிறுமி வருகிறாள். அவளுக்கும் ஒன்பது வயது. முன்னாள் போராளி ஒருவரும் யாழினி என்ற பெண்ணும், இறந்துபோன குடும்பம் ஒன்றின் ஆவணங்களைக் கொண்டு பிரான்சு செல்ல ஒரு மகள் தேவைப்படுகிறாள். முகாமில் தாயற்ற சிறுமி ஒருத்தி கிடைக்கிறாள். அமுதாவின் குடும்பம் அன்பால் ஆனது, ஆவணம் பின்னால் வந்தது. இளையாளின் குடும்பம் ஆவணத்தால் ஆனது. அன்பை அவள் கேட்டுப் பெறவேண்டியிருக்கிறது. பள்ளியில் பிரெஞ்சு கற்று, பெரியவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் அவள் ஆகிறாள். அரசியல் விளக்கம் எதுவும் அவளிடம் இல்லை, ஆனால் ஏதிலிக் குழந்தையின் முதிர்ச்சி எதனால் ஆனது என்பதில் ‘தீபன்’ துல்லியமானது. கடவுச்சீட்டு, பள்ளிச் சேர்க்கை, புதிய மொழி, பெரியவர்களுக்காகப் பேசும் சுமை ஆகியவையே அது. மணிரத்னத்தின் படத்தில் இவை எவையும் சிக்கலாவதில்லை.

பவானிசாகரிலிருந்து பார்த்தல்

ஏதிலி முகாம் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் பிறப்பிடமாகவும், அமுதா தாயைத் தேடி ஓடிப்போகும் இடமாகவும் வருகிறது. கடலோர முகாமாகவே அது காட்டப்படுகிறது. 1983-க்குப் பின் அலையலையாக வந்தவர்களின் வாழ்க்கை கடற்கரையோடு முடிந்துவிடவில்லை. மண்டபத்திலிருந்து உள்மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஈரோடு மாவட்டத்தின் பவானிசாகர், அரச்சலூர், கோவை மாவட்டத்தின் பூலுவப்பட்டி முதலிய ஊர்களின் முகாம்களில் குடியேற்றப்பட்டனர். கடலையே காணாத கொங்கு நிலத்தில், ஒற்றை அறை வீடுகளில், ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து முதிர்ந்தது. ஆண்கள் பலருக்குச் சுவருக்கு வண்ணம் பூசும் வேலையே கிடைத்தது. பட்டம் பெற்றவர்களும் அதற்கு விலக்கல்லர்.

படம் வெளியான காலத்தை வைத்துக் கணக்கிட்டால் அமுதா 1990-களின் தொடக்கத்தில் பிறந்தவள். 1986-ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, 1987 ஜூலை 1-க்குப் பின் இந்தியாவில் பிறந்தவர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்புவழிக் குடியுரிமை. ராமேஸ்வரத்தில் ஈழப் பெற்றோர்க்குப் பிறந்த அமுதா அதற்குள் வரமாட்டாள். அவளைத் தத்தெடுத்த பெற்றோர் அவளை இலங்கைக்கு அழைத்துச் செல்வது திரைக்கதையில் ஒரு முடிவெடுத்தலாக மட்டும் உள்ளது. அதே ஆண்டுகளில் பவானிசாகரில் பிறந்த பெண்ணுக்கு அப்பயணம் எண்ணிப்பார்க்க இயலாதது. அவளும் இந்திய மண்ணில் பிறந்தவள், தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவள், கொங்குத் தமிழ் பேசுபவள். எனினும் சட்டத்தின் கண்ணில் அயலாள். 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரை மட்டுமே கருதியது. 2021-இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர் மாறியது சிறிய செய்தியன்று. ‘அகதி’ என்ற சொல்லோடு பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு அதன் பொருள் தெரியும். குடியுரிமைச் சிக்கலை அம்மாற்றம் தீர்க்கவில்லை.

இதைப் படத்தின் குறையாகப் பட்டியலிடுவது நோக்கமன்று. எந்தப் படமும் எல்லாவற்றையும் காட்டவேண்டியதில்லை. ஆனால் தத்தெடுப்பு என்ற அரிய விதிவிலக்கைக் கதையின் மையமாக்கியதால், விதி எதுவென்பது பார்வையாளரின் கண்ணுக்குத் தப்பிவிட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

படம் 2002 பிப்ரவரி 14 அன்று வெளிவந்தது. சரியாக எட்டு நாள்கள் கழித்து, பிப்ரவரி 22 அன்று இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். அந்த ஆண்டில் திரையரங்கில் அமர்ந்திருந்தவர்களுக்கு, அமைதி வரும் நாளில் சந்திக்கலாம் என்ற ஷியாமாவின் சொல் நடக்கக்கூடியதாகவே கேட்டிருக்கும். 2009 மே மாதத்துக்குப் பின் அதே காட்சியைக் காண்பவருக்கு அது அப்படிக் கேட்பதில்லை. வன்னியில் போராளியாக இருந்த ஒரு பெண் அந்த மே மாதத்தைக் கடந்து உயிருடன் இருந்திருப்பாளா என்ற ஐயம் முதலில் எழுகிறது. இருந்திருந்தால், தமிழினியைப் போலச் சிறையும் புனர்வாழ்வு முகாமும் கடந்து வந்திருப்பாள். அமுதாவுக்கு அப்போது பதினாறோ பதினேழோ வயது. விடைகளைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் வயது. மணிரத்னம் தம் கதையை முடித்த இடத்தில், ஷியாமா சொல்லாமல் விட்ட ஒன்பது ஆண்டுகளும் அதன்பின் வந்த ஏழு ஆண்டுகளும் இன்னும் சொல்லப்படாமல் நிற்கின்றன. பவானிசாகரிலும் பூலுவப்பட்டியிலும் முப்பதைக் கடந்துவிட்ட அமுதாவின் வயதொத்த பெண்கள் தம் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டுகளை எந்தச் சொற்களில் சொல்கிறார்கள் என்பது, திரைப்பட ஆய்வும் வாய்மொழி வழக்காற்று ஆய்வும் சேர்ந்து போகவேண்டிய களம்.